பதின்மூன்று பேருக்கு ஒரு சிற்றாலயம்

போர்முனைக் கேமராக்கள் – 6

சென்ற அத்தியாயத்தில் வந்த எட்வர்ட் ஸ்டைக்கன், 62 வயதில் அமெரிக்கக் கடற்படைச் சீருடையை மாட்டிக்கொண்டவர். இந்த முறை வருகிறவரும் நடுவயதைத் தாண்டிச் சீருடைக்கு ஆசைப்பட்டவர்தான். ஆனால் இவரை நம் வாசகர்களில் பலருக்கு வேறு கோலத்தில் தெரிந்திருக்கும். குதிரை, செம்மண் பாலை, தொப்பி சாய்த்த ஜான் வெய்ன் என்றதும் நினைவுக்கு வருகிற ‘ஸ்டேஜ்கோச்’, ‘தி சர்ச்சர்ஸ்’ படங்களின் இயக்குநர் ஜான் ஃபோர்டு. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதை நான்கு முறை வாங்கியவர். அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறு எவரும் எட்டவில்லை.

சினிமா இயக்குநருக்குப் போர்முனைக் கேமராக்காரர்களின் வரிசையில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஃபோர்டிடமே கேட்டிருந்தால், தான் முதலில் கடற்படைக்காரன், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லியிருப்பார். கடைசிக் காலத்தில் அவரை ‘அட்மிரல்’ என்று அழைத்தால் மகிழ்ந்துபோவார். ஆஸ்கார் விழாக்களுக்குப் போகாமல் இருந்தவர், ராணுவப் பதக்கங்களுக்காகக் கடிதம் எழுதவும் ஆள் பிடிக்கவும் கூச்சப்பட்டதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர் தன்னைப் பற்றிச் சொன்ன எதையும் அப்படியே நம்ப முடியாது. பிறந்தது 1894 பிப்ரவரி 1. அவர் சொன்னது 1895. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜான் மார்ட்டின் ஃபீனி. அவர் சொல்லிக்கொண்டது ஷான் அலோஷியஸ். பேட்டி எடுக்க வந்தவர்களைக் கேலி செய்தே துரத்தினார். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களைக் கூட்டத்தின் நடுவே அழவைத்தார். படம் முடிந்தால் நாள்கணக்கில் குடிப்பார். இந்த மனிதரைப் பக்திமான் என்று எழுதினால் அவருடைய தளத்தில் அடிபட்டவர்கள் சிரிப்பார்கள். இருந்தும் நான் எழுதுகிறேன். அவருடைய பக்தி எங்கே இருந்தது என்று தேடினால், அது இறந்தவர்கள் பக்கம் இருக்கிறது.

ஃபோர்டின் தகப்பனார் அயர்லாந்தின் கால்வே கரையோரம் ஸ்பிடல் என்ற ஊரிலிருந்து வந்தவர். தாயார் அதே கடலுக்குள் இருக்கும் ஆரன் தீவுகளைச் சேர்ந்தவர். இருவருக்கும் தாய்மொழி ஐரிஷ். மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் தகப்பனார் சாராயக்கடை வைத்திருந்தார். குடும்பத்தில் 11 பிள்ளைகள். அவர்களில் பலர் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை, வீட்டில் செபமாலை, இறந்த பிள்ளைகளுக்காக மன்றாட்டு. இதுதான் அந்தக் காலத்து ஐரிஷ் கத்தோலிக்க வீடு.

நம் ஊர்ப்பக்கம் கத்தோலிக்கர் நடுவே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று தூத்துக்குடியிலோ வேளாங்கண்ணிப் பக்கத்திலோ ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், பூ, மெழுகுவர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து போனவர்களிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். மரித்தவர்கள் எங்கோ போய்விடவில்லை, நம் மன்றாட்டு அவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது என்பது அந்தச் சபையின் பழைய நம்பிக்கை. ஃபோர்டு மற்ற எல்லாக் கட்டளைகளிலும் தவறினார். இதில் மட்டும் தவறவே இல்லை.

திருமணத்திலும் திருச்சபைச் சட்டம் அவரைத் தடுத்தது. 1920-இல் அவர் மணந்த மேரி ஸ்மித் விவாகரத்தானவர். ஆகவே கோயில் திருமணம் கிடையாது, பதிவுத் திருமணம்தான். மேரியின் முதல் கணவர் இறந்த பிறகு, 1941-இல்தான் கத்தோலிக்க முறைப்படி மறுபடியும் மணமேடை ஏறினார்கள். இரண்டு பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்ட பிறகு! இது அவருக்கு முக்கியமாகப் பட்டது. போர் வரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கடல் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. 1914-இல் அண்ணன் ஃபிரான்சிஸைப் பின்தொடர்ந்து ஹாலிவுட்டுக்கு வந்து, 1917-இல் இயக்குநராகி, பணம் சேர்ந்ததும் 1934-இல் ஒரு பாய்மரக் கப்பல் வாங்கினார். பெயர் ‘ஆரனர்’, தாயார் பிறந்த தீவின் நினைவாக. அதே ஆண்டு கடற்படையின் ரிசர்வ் பிரிவில் லெப்டினன்ட் கமாண்டர் பதவியும் வாங்கிக்கொண்டார். பிறகு மெக்சிகோக் கரையோரம் நண்பர்களோடு குடித்துக்கொண்டே பயணம் போவதும், வழியில் கண்ட ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்களைப் பற்றி உளவு அறிக்கை எழுதி அனுப்புவதும் சேர்ந்தே நடந்தன. அந்த அறிக்கைகளால் கடற்படைக்கு எவ்வளவு பயன் என்பது சந்தேகம்தான். ஃபோர்டுக்கு நிறையப் பயன்.

1939-இல் ஐரோப்பாவில் போர் வெடித்ததும் அவர் செய்த வேலை விளையாட்டல்ல. ஹாலிவுட்டின் ஒளிப்பதிவாளர்கள், ஒலிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், லேப் ஆட்கள் என்று திரட்டி ஒரு படப்பிரிவை உருவாக்கத் தொடங்கினார். ‘ஃபீல்டு ஃபோட்டோ’ என்று எல்லாரும் சொன்ன பிரிவு அதுதான். ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் வளாகத்தில் மாலை நேரங்களில் அணிவகுப்பு. கையில் இருந்தது சினிமாவுக்குப் பயன்படும் பொய்த் துப்பாக்கி, உடுப்பறையிலிருந்து எடுத்த சீருடை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சேர்ந்தவர்களோ லேசுப்பட்டவர்கள் அல்ல. ‘சிட்டிசன் கேன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் ஒருவர். ஜோசப் ஆகஸ்ட் இன்னொருவர். ராபர்ட் பாரிஷ் என்ற இளம் படத்தொகுப்பாளர், சிறப்புக் காட்சிகளில் தேர்ந்த ரே கெல்லாக் என்று பட்டியல் நீளும். கடற்படைக்கே இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. 1941 செப்டம்பரில் ஃபோர்டை வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டவர் உளவுத்துறையைக் கட்டிக்கொண்டிருந்த வில்லியம் டோனோவன். அவரும் ஐரிஷ் கத்தோலிக்கர். அந்த உளவுத்துறைதான் அடுத்த ஆண்டு ஓ.எஸ்.எஸ். ஆனது. ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ படத்தை முடித்த கையோடு, சம்பளத்தில் பெரும்பகுதியை உதறிவிட்டு ஃபோர்டு கிளம்பினார். அப்போது வயது 47.

1942 மே மாதக் கடைசியில் அட்மிரல் நிமிட்ஸின் தலைமையகத்திலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. பசிபிக் கடல் நடுவே மிட்வே என்ற பவளத்தீவுக்குப் போகவேண்டும். ஜப்பானியர் அங்கே வரப்போகிறார்கள் என்பதைச் சங்கேதக் குறியீடுகளை உடைத்து அமெரிக்கர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஃபோர்டு தன்னோடு அழைத்துப்போனது ஜாக் மெக்கன்சி என்ற இளைஞரை. கையில் 16 மி.மீ. கேமராக்கள், கோடாக்ரோம் வண்ணப் படச்சுருள். வந்திறங்கிய சில நாள்கள் தீவில் வேடிக்கை பார்ப்பதுபோலவே கழிந்தன. மணலில் தத்தித் தத்தி நடக்கும் ஆல்பட்ராஸ் பறவைகளையும், மாலையில் அக்கார்டியன் வாசிக்கும் சிப்பாய்களையும் படமெடுத்தார்.

ஜூன் 4 காலை ஆறரை மணி சுமாருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஃபோர்டு மின்நிலையத்தின் கூரைமேல் இருந்தார். தொலைபேசியில் கீழே இருக்கும் அதிகாரிகளுக்கு விமானங்களின் நிலவரத்தைச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. படமெடுப்பது இரண்டாவது வேலை. மின்நிலையம் குண்டுவீச்சுக்கு நல்ல இலக்கு என்பது யாருக்கும் தெரியும். அருகே ஒரு குண்டு விழுந்தது. சிதறிய துண்டு அவர் கையைக் கிழித்தது. சற்று நேரம் நினைவிழந்து கிடந்தார். எழுந்து மறுபடி கேமராவைப் பிடித்தார்.

அந்தப் படச்சுருளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குண்டு வெடிக்கும்போது படமே குதித்து, சட்டத்தைவிட்டு விலகி, ஓரத்தின் துளைகள் வரை தெரிகிறது. ஸ்டுடியோவில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் வெட்டி எறிந்திருப்பார்கள். ஃபோர்டு அதை அப்படியே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போர்ப் படங்களில் வேண்டுமென்றே கேமராவை ஆட்டும் பழக்கத்துக்கு இது மூத்தது. புகை மூட்டத்தின் நடுவே சிப்பாய்கள் கொடியேற்றும் காட்சி ஒன்றும் உண்டு. இது உண்மையாகவே நடந்தது என்று வர்ணனைக் குரல் அழுத்திச் சொல்கிறது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் ஃபோர்டின் பழைய தொழில் தந்த சிக்கல்.

முழுப் படத்தையும் தானே எடுத்ததாகப் பின்னாளில் அவர் பேசியதுண்டு. அது உண்மையல்ல. மெக்கன்சி எடுத்தவையும் உண்டு, ‘ஹார்னெட்’ விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த கென்னத் பியர் எடுத்தவையும் உண்டு. அந்தப் போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அமெரிக்கா இழந்தது ‘யார்க்டவுன்’ ஒன்றை.

அடுத்து நடந்ததுதான் ஃபோர்டின் தந்திரம். தணிக்கைக்காரர்கள் கையில் சிக்கினால் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து எடுத்துப்போய்விடுவார்கள் என்று பயந்து, படச்சுருளை இளைஞர் பாரிஷிடம் கொடுத்து ஹாலிவுட்டுக்கு ரகசியமாக அனுப்பினார். போய் உன் அம்மா வீட்டில் இரு, வேலையை முடி என்று கட்டளை. திரைக்கதை எழுத்தாளர்கள் இருவரிடம் வர்ணனை எழுதி வாங்கினார்கள். ஹென்றி ஃபோண்டாவும் ஜேன் டார்வெல்லும் குரல் கொடுத்தார்கள். ஜேன் டார்வெல் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தில் ஏழைத் தாயாக நடித்து ஆஸ்கார் வாங்கியவர். படம் ஓடும்போதே அந்தத் தாயின் குரல் குறுக்கிட்டு, திரையில் தெரியும் ஒரு பையனை அடையாளம் கண்டு, இவன் நம்ம ஊர்க்காரர் பையன் அல்லவா என்று வியக்கிறது. காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரும்போது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று பதறுகிறது. விமரிசகர்கள் பலருக்கு இந்தக் குரல் பிடிப்பதில்லை. அளவுக்கு மீறிய உணர்ச்சி என்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் 1942-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் ஒவ்வொருவரும் அந்த முகங்களில் தேடியது தங்கள் மகனைத்தான். அதை ஃபோர்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

படத்தின் இறுதிப்பகுதி முழுக்க மரித்தவர்களின் அடக்கம். செஞ்சிலுவை வரைந்த கூரையோடு எரிந்து கிடக்கும் ஆஸ்பத்திரி, குருவானவர்களின் மன்றாட்டு, கொடி போர்த்திய பெட்டிகள், அவை கடலுக்குப் போவது. ஜப்பானியக் கப்பல்கள் எரிவதை அவர் காட்டவில்லை. அந்தப் படம் அவரிடம் இல்லை என்பதும் காரணம். ஆனால் இருந்திருந்தாலும் அவர் இந்த அடக்கத்தைத்தான் நீட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

‘தி பாட்டில் ஆஃப் மிட்வே’ என்ற பெயரில் 18 நிமிடப் படம். வெள்ளை மாளிகையில் போட்டுக் காட்டினார்கள். கடைசி நிமிடத்தில் ஃபோர்டு பாரிஷிடம் ஒரு சிறு துண்டைக் கொடுத்து ஒட்டச்சொல்லியிருந்தார். அதில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மகன், மரீன் படை மேஜர் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட், அடக்கச் சடங்கில் நிற்பது சில நொடிகள் தெரியும். அதுவரை பேசிக்கொண்டே பார்த்த ரூஸ்வெல்ட் அந்த இடத்தில் அமைதியாகிவிட்டாராம். படம் முடிந்ததும், இந்த நாட்டின் ஒவ்வொரு தாயும் இதைப் பார்க்கவேண்டும் என்றாராம். பாரிஷ் தன் நினைவுக்குறிப்புகளில் சொல்வது இது. பக்தியும் அரசியல் சாமர்த்தியமும் இந்த மனிதரிடம் எப்படி ஒரே பையில் கிடந்தன பாருங்கள்! தணிக்கைக்காரர்கள் இனி வாயைத் திறக்க முடியுமா? செப்டம்பரில் படம் நாடெங்கும் வெளியானது.

மிட்வேயிலிருந்து இன்னொரு படமும் வந்தது. அது திரையரங்குகளுக்குப் போகவில்லை. ஃபோர்டின் வாழ்க்கையில் மிக நேர்மையான எட்டு நிமிடங்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஜூன் 4 அன்று ‘ஹார்னெட்’டிலிருந்து எட்டாம் டார்பிடோ ஸ்குவாட்ரனின் 15 விமானங்கள் கிளம்பின. ஜான் வால்ட்ரன் தலைவர். மெதுவாகப் பறக்கும் பழைய டெவஸ்டேட்டர் விமானங்கள். துணைக்குப் போர்விமானம் எதுவும் கூட வரவில்லை. 15-உம் வீழ்ந்தன. 30 பேரில் பிழைத்தது ஜார்ஜ் கே என்ற இளம் விமானி ஒருவர் மட்டும். அவர் நீரில் மிதந்தபடியே போரைப் பார்த்துக் கிடந்து, மறுநாள் மீட்கப்பட்டார்.

இந்த விமானிகளைப் போருக்குச் சற்று முன்பு கப்பலின் மேல்தளத்தில் கேமராக்காரர்கள் வண்ணத்தில் படமெடுத்திருந்தார்கள். விமானத்தின் அருகே இருவர் இருவராக, சிரித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஃபோர்டு அதை எடுத்துப் பெயர்களைச் சேர்த்தார். கதை இல்லை, குண்டுச் சத்தம் இல்லை, வர்ணனைக் குரல் இல்லை. இன்னார், இன்னார் என்று பெயர், பிறகு முகம். அவ்வளவே. அதை 8 மி.மீ. நகல்களாக எடுக்கச்சொல்லி, இறந்தவர்களின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் 8 மி.மீ. வீட்டுப் புரொஜெக்டருக்கான அளவு. அந்த வீடுகளில் திருமண விழாக்களுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் ஓட்டிய கருவியில், இனி வரமாட்டாத மகன் நடந்து வருவான்.

ஒவ்வொரு பூசையிலும் மரித்தவர்களை நினைவுகூரும் இடம் ஒன்று உண்டு. அங்கே குருவானவர் பெயர்களை வாசிப்பார். இந்த எட்டு நிமிடப் படத்தின் வடிவம் அதேதான் என்பது என் துணிபு.

‘டிசம்பர் 7’ படத்திலும் இதே கை தெரிகிறது. பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றிக் கிரெக் டோலண்ட் எடுத்த படம் 82 நிமிடம் ஓடியது. கடற்படையை அது குறை சொல்வதாக மேலிடத்தில் கோபம். பெட்டிக்குள் போனது. ஃபோர்டு அதை 34 நிமிடமாக வெட்டி மீட்டார். அதில் இறந்த ஏழு பேர் ஒவ்வொருவராகத் தங்கள் பெயர், ஊர், பெற்றோரைச் சொல்கிறார்கள். ஒருவர் கறுப்பினத்தவர், இன்னொருவர் மெக்சிகோ வழி வந்தவர். ஏழு பேருக்கும் ஒரே குரல். ஏன் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறீர்கள் என்று வர்ணனையாளர் கேட்க, நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று இறந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். கறுப்பினத்தவர் சமையலறை வேலைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்த கடற்படை அது. பிரச்சாரம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இறந்தவரைப் பேசவைக்க வேண்டும் என்று தோன்றியதே, அது வெறும் பிரச்சாரக்காரனுக்குத் தோன்றுகிற யோசனை அல்ல. படம் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கார் பெற்றது.

வட ஆப்பிரிக்கா, பர்மாப் போர்முனை இவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1943 இறுதியில் அசாம் வழியாகப் பர்மாவின் எல்லைப்புறம் வரை அவர் வந்துபோனார். அங்கே காச்சின் மலைவாசிகளைக் கொண்டு ஓ.எஸ்.எஸ். நடத்திய கெரில்லாப் போரை அவர் பிரிவினர் படமெடுத்தார்கள். பெரிதாக நின்ற படைப்பு எதுவும் அதிலிருந்து வரவில்லை.

நார்மண்டி அப்படியல்ல. 1944 ஜூன் 6 அன்று ‘பிளங்கெட்’ என்ற நாசகாரிக் கப்பலில் ஒமாஹா கரையை நோக்கி வந்தார். கரையிறங்கு படகுகளில் தானாக ஓடும் கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள்; அவரது ஆட்களும் கடலோரக் காவல்படையின் கேமராக்காரர்களும் சிப்பாய்களோடு இறங்கினார்கள். எடுத்ததில் பெரும்பகுதி பொதுமக்களுக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவு பிணங்கள். ஃபோர்டு அதற்குப் பிறகு பிரான்சில் ஒரு வீட்டில் படுக்கைப்பைக்குள் புகுந்துகொண்டு நாள்கணக்கில் குடித்தார். சக அதிகாரிகள்தான் அவரைத் தூக்கிவந்து கரைசேர்த்தார்கள். பல ஆண்டுகள் அந்தக் கரையைப் பற்றி அவர் பேசவே இல்லை. பொய் சொல்லக் கூசாத மனிதர், எதைப் பற்றி வாய் திறக்கவில்லையோ அதைத்தான் அவர் உண்மையாகப் பார்த்தார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்று படமெடுத்தவர்களில் ஜூனியஸ் ஸ்டவுட் ஒருவர். ஹாலிவுட் ஒளிப்பதிவாளர் ஆர்ச்சி ஸ்டவுட்டின் மகன். அதே ஆண்டில் அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். தகப்பன் ஆர்ச்சி பிறகு ஃபோர்டின் ‘ஃபோர்ட் அப்பாச்சி’க்கு ஒளிப்பதிவு செய்தார், ‘தி கொயட் மேன்’ படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்காரில் பங்கு பெற்றார். மகனை இழந்த தகப்பனும் மகனை அனுப்பிய தலைவரும் ஒரே கேமராவின் இரு பக்கம் நின்று வேலை பார்த்தார்கள்.

போர் முடிந்ததும் ஃபீல்டு ஃபோட்டோவின் கடைசிப் பெரிய பணி நியூரம்பர்க். நாஜித் தலைவர்கள் மீதான வழக்கில் 1945 நவம்பர் 29 அன்று வதைமுகாம்களின் படம் நீதிமன்றத்தில் ஓடியது. எடுத்தபடியே இருக்கிறது, எதையும் திரிக்கவில்லை என்று ரே கெல்லாக் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சத்தியத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து: ஜான் ஃபோர்டு, கேப்டன், கடற்படை ரிசர்வ். கதை கட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் ‘இதில் கதை எதுவும் இல்லை’ என்பதற்குக் கையெழுத்துப் போட்டார்.

இனி அந்தப் பதின்மூன்று பேர்.

1945-இல் கடற்படையே விரும்பி, டார்பிடோப் படகுக்காரர்களைப் பற்றி ‘தே வேர் எக்ஸ்பெண்டபிள்’ படத்தை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு இயக்கித் தர அவரை விடுவித்தது. நாயகன் ராபர்ட் மான்ட்கோமரி உண்மையிலேயே அந்தப் படகுகளில் பணிபுரிந்தவர். இன்னொரு நாயகன் ஜான் வெய்ன் போருக்கே போகாதவர். சல்யூட் சரியில்லை என்று வெய்னை ஃபோர்டு எல்லார் முன்னும் குத்திக்காட்ட, மான்ட்கோமரி நேரே போய், இனி யாரிடமும் இப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தாராம். ஃபோர்டு அழுதுவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் படத்தின் பெரும் சம்பளத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், ரெசீடா என்ற இடத்தில் சுமார் 20 ஏக்கர் நிலம் வாங்கினார். ஃபீல்டு ஃபோட்டோவின் ஆட்களுக்கு ஒரு வீடு, நீச்சல் குளம், குதிரை லாயம், மது அருந்த ஓர் இடம். தோட்டத்துக்கு நடுவில் வெள்ளையடித்த ஒரு சிற்றாலயம்.

அந்த ஆலயம் பிரிவில் இறந்த 13 பேருக்காகக் கட்டியது. அவர்களில் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர்; ஆகவே எந்தச் சபையும் வழிபடக் கூடியதாகவே கட்டினார். தன் கோயில் திருமணத்துக்கு 21 ஆண்டு காத்திருந்த கத்தோலிக்கர், இறந்த தோழர்களுக்குக் கட்டும்போது சபை வேற்றுமை பார்க்கவில்லை. ஆண்டுதோறும் மே மாதம் போர்வீரர் நினைவு நாளில் பழைய ஆட்கள் சீருடையில் கூடுவார்கள். பைப் இசை ஒலிக்கும். 13 பெயர்களையும் வாசிப்பார்கள். வரத் தவறியவர்களை ஃபோர்டு எளிதில் மன்னித்ததில்லை. அவருடைய ஆதி நடிகர் ஹாரி கேரி 1947-இல் இறந்தபோதும், இன்னொரு நடிகர் வார்டு பாண்ட் 1960-இல் இறந்தபோதும் அஞ்சலி அங்கேதான் நடந்தது.

இதைத் தெரிந்துகொண்டு அவருடைய படங்களைப் போட்டுப் பாருங்கள். ‘யங் மிஸ்டர் லிங்கன்’ படத்தில் ஆப்ரகாம் லிங்கன், இறந்த காதலியின் கல்லறையோரம் உட்கார்ந்து தன் எதிர்காலத்தைப் பற்றி அவளிடம் யோசனை கேட்கிறார். ‘மை டார்லிங் கிளமென்டைன்’ படத்தில் வயட் எர்ப் தம்பியின் கல்லறையோடு பேசுகிறார். ‘ஷீ வோர் எ யெல்லோ ரிப்பன்’ படத்தில் வயதான கேப்டன், மாலை நேரம் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இறந்த மனைவியிடம் அன்றைய செய்தியைச் சொல்கிறார். ஹாலிவுட்டில் வேறு எந்த இயக்குநரும் இத்தனை பேரைக் கல்லறையில் உட்கார்த்திப் பேசவைத்ததில்லை. அவர் வெளிப்படையான சமயப் படம் எடுக்க முயன்றபோதோ, நடக்கவில்லை. மெக்சிகோவில் மதத்தடைக் காலத்தில் தலைமறைவாகத் திரியும் ஒரு குருவானவரைப் பற்றி, கிரஹாம் கிரீனின் நாவலைக் கொண்டு 1947-இல் ‘தி ஃப்யூஜிடிவ்’ எடுத்தார். தனக்கு மிகவும் பிடித்த படம் என்றார். அதில் ஒவ்வொரு காட்சியும் கோயில் சித்திரம்போல் உறைந்து நிற்கிறது, கதை நகரவில்லை. நாவலில் இருந்த குடிகாரக் குருவானவரைப் படத்தில் தூயவராக்கிவிட்டார். குடியும் பக்தியும் சேர்ந்த மனிதனை அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? தன்னைப் பார்க்கப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கொரியப் போர் வந்தபோதும் கேமராவோடு போனார். 1951-இல் ‘திஸ் இஸ் கொரியா!’ வந்தது. அதே ஆண்டு ரியர் அட்மிரல் தகுதியோடு ஓய்வு கொடுத்தார்கள். 1973 மார்ச் 31 அன்று அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் தன் முதல் வாழ்நாள் சாதனை விருதை அவருக்கு வழங்கிய இரவில், குடியரசுத் தலைவர் நிக்சன் நேரில் வந்து முழு அட்மிரலாக அறிவித்தார். புற்றுநோயால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவருக்கு அந்த இரவில் எந்த விருது பெரிதாகப் பட்டிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் இறந்தார். பூசைக்குப் பிறகு கல்வர் சிட்டியில், திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

ரெசீடா பண்ணை அவர் உயிரோடு இருக்கும்போதே, அறுபதுகளில், விற்றுப்போய்விட்டது. சிற்றாலயத்தை மட்டும் பெயர்த்து, உட்லண்ட் ஹில்ஸில் உள்ள முதிய திரைப்படத் தொழிலாளர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1943-இல் ‘தி பாட்டில் ஆஃப் மிட்வே’ தனக்குக் கிடைத்த ஆஸ்காரை வேறு மூன்று படங்களோடு பகிர்ந்துகொண்டது. அவற்றில் ஒன்று ‘கோகோடா ஃப்ரண்ட் லைன்!’ என்ற ஆஸ்திரேலியப் படம். அதற்குக் கேமரா பிடித்தவர் டேமியன் பேரர். குருவாகப் போக நினைத்து, கேமராவைத் தேர்ந்தவர். 1944 செப்டம்பரில் பெலிலியு தீவில் 32 வயதில் சுடப்பட்டு இறந்தவர். அவர் கதை அடுத்த அத்தியாயத்தில்.